அக்குறணையில் ஒரு காக்கிச் சட்டை

கண்டியில் மாத்தளை பஸ் வண்டியில் ஏறி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மகாவலி கங்கையைக் கடந்து சென்றால், மலைச்சரிவுகளுக்கு நடுவே வளைந்து செல்லும் பெருவீதி சற்று நேரத்தில் அக்குறணைக் கடைவீதிக்குள் நுழைந்துவிடும். கண்டியிலிருந்து ஆறேழு மைல் தூரந்தான். யாழ்ப்பாணம் செல்லும் ஏ 9 வீதியும் இதுவேயாதலால், வடக்கே போகும் நம்மவர் பலர் இவ்வூரைப் பஸ் சாளரத்தின் வழியே, அதுவும் அரைத் தூக்கத்தில், பார்த்திருப்பார்கள். நானும் அவர்களுள் ஒருவனாகவே நெடுநாள் இருந்தேன். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, அங்கே இறங்கி ஒரு பகற்பொழுதைக் கழிக்கும்படி நேர்ந்தது. அதற்குக் காரணம் ஒரு பழைய சட்டை.

அக்குறணையைப் பற்றி இரண்டு செய்திகளை முதலில் சொல்லிவிட வேண்டும். வீதியின் இரு மருங்கிலும் நெருங்கி நிற்கும் கடைகளைக் கண்டு இஃது ஒரு வணிகர் ஊர் என்று எவரும் எளிதில் அறிவர். ஆனால் இவ்வூரின் பிறப்பைப் பற்றி இங்குள்ள முஸ்லிம் பெருமக்கள் வழங்கும் செவிவழிக் கதையோ வாணிபத்தைப் பற்றியதன்று, போரைப் பற்றியது. இரண்டாம் இராசசிங்கன் கண்டியை ஆண்ட காலத்தில் அரபு நாட்டவர் மூவர் வந்து, போர்த்துக்கேயரை எதிர்த்து நின்ற மன்னனுக்குத் துணை புரிந்தனர் என்றும், கண்டிச் சீமைப் பெண்களை மணந்து இங்கே குடியேறினர் என்றும் அக்கதை கூறும். அந்த இராசசிங்கன் 1638ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை முறியடித்தான் என்பது மாணவர்கள் சரித்திர பாடத்தில் படித்த செய்தியே. மூவர் கதைக்கு எழுத்திலே சான்று கேட்டால் ஊரார் புன்னகை செய்வார்கள். சான்று கேட்பது எங்கள் தொழில். அன்றைய தினம் அதே தொழில் எனக்குப் பெரிய சங்கடத்தை உண்டாக்கிற்று.

மற்றொன்று, ஊரையொட்டி ஓடும் பிங்கா ஓயா. மகாவலியோடு சேரும் இச்சிற்றாறு வெயிற் காலத்தில் பார்ப்பதற்குச் சாதுவானது. மலைநாட்டில் மழை ஓயாது பெய்தால் கடைவீதிக்குள் புகுந்துவிடும். துணிக்கடை, புத்தகக்கடை என்ற பேதம் அதற்கு இல்லை. முழங்காலளவு, சில வேளைகளில் அதற்கு மேலும், சேற்று நீர் நின்று வடியும்.

எனக்குத் தெரிந்த ஹாஜியார் ஒருவர் இவ்வூரில் இருக்கிறார். வயது எழுபத்தைந்தை எட்டியவர். கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வாக இருப்பவர். அவருடைய பேத்தி என்னிடம் படித்தவள். அந்தப் பெண் மூலமாகவே அழைப்பு வந்தது: "அப்பாட வாப்பா யுத்தத்தில உடுத்த சட்டை ஒண்டு இருக்கு சேர். அதைப் பற்றி இங்கிலீஷில ஒரு கடிதம் எழுதித் தரோணுமாம்."

வீட்டின் முன் விறாந்தையில் கதிரை போட்டு, இஞ்சி போட்ட தேநீர் கொடுத்து, ஹாஜியார் விஷயத்தைச் சொன்னார். இராணுவச் சீருடைகளைச் சேகரிக்கும் பிரமுகர் ஒருவர் சார்பில் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து போனாராம். சட்டைக்கு ஒரு தொகை சொன்னார். அதை அணிந்தவர் இன்னார், இன்ன இடத்தில் இன்ன நாளில் போரிட்டவர் என்று படித்தவர் ஒருவர் எழுதிக் கையொப்பமிட்ட கடிதமும் கூட இருந்தால் அத்தொகை மூன்று மடங்காகும் என்றும் சொன்னார்.

"வாப்பா திருகோணமலையில யப்பான்காரன் குண்டு போட்ட அண்டைக்கு இந்தச் சட்டையோடதான் இருந்தாங்க. உம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தாங்க. அத எழுதித் தாங்க மாஸ்டர். பேத்திக்குக் கெம்பஸ் செலவு இருக்கு" என்றார் ஹாஜியார்.

சேகரிப்போர் உலகத்தில் இது புதிய வழக்கமன்று. உலகின் பல நாடுகளில் பழைய சீருடைகளைத் தேடி வாங்குவோர் உளர். அணிந்தவன் பெயர் தெரியாத சட்டை அவர்களுக்கு வெறும் துணி. பெயரும் படையெண்ணும், எந்தப் பிரிவு, எங்கே எப்போது சேவை செய்தான் என்ற வரலாறும் சேர்ந்துவிட்டால் அதன் மதிப்பே வேறு. இங்கிலாந்தில் கிரீனிச் கடற்துறை அருங்காட்சிச்சாலையில் நெல்சன் பிரபுவின் நீல நிற மேற்சட்டை இருக்கிறது. 1805ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் திகதி டிரபல்கார் போரில் அவரைக் கொன்ற குண்டு துளைத்த ஓட்டை அதன் இடது தோளில் இன்றும் தெரியும். அதனை 1845இல் விக்டோரியா மகாராணியின் கணவர் அல்பர்ட் இளவரசர் விலைக்கு வாங்கிக் கிரீனிச் மருத்துவமனைக்கு அளித்தார். ஓட்டையில்லாத புத்தம் புதிய சட்டையாயின் அவர் அதை ஏறிட்டும் பார்த்திருக்கமாட்டார். நம்மவர்க்கு இன்னும் நெருங்கிய உதாரணம் மதுரையில் உண்டு. 1959இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், மகாத்மா சுடப்பட்ட வேளையில் அணிந்திருந்த உடையின் இரத்தக் கறை படிந்த துணியை வைத்திருக்கிறார்கள். அவர் ஆயுதம் ஏந்தாத வீரர் என்பதொன்றே வேறுபாடு. அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன்னே நின்றவர்கள் பேசுவதை நான் கேட்டதில்லை.

கண்டியைச் சுற்றியும் இவ்வகைப் பொருள்கள் கிடைப்பதற்குப் போதிய காரணம் உண்டு. தோட்டத்துரைமார் மட்டும் சேர்ந்திருந்த இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படையின் தலைமையகம் கண்டியிலேயே இருந்தது. 1949இல் இலங்கை இராணுவம் அமைந்தபோது அப்படை கலைக்கப்பட்டது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியத் தலைமையகத்தைத் தில்லியிலிருந்து பேராதனைப் பூந்தோட்டத்துக்கு மாற்றினார். தீயிலிருந்து எழும் பீனிக்ஸ் பறவையைத் தோளில் தைத்த சிப்பந்திகள் அன்று கண்டி வீதியெங்கும் நடமாடினர். அதே காலத்தில் ஆபிரிக்கப் போர்வீரர்கள் இத்தீவில் பயிற்சி பெற்றுப் பர்மாப் போர்முனைக்குப் போயினர். காண்டாமிருகத் தலை அவர்களுடைய பதினோராவது படைப்பிரிவின் சின்னம். பூந்தோட்டத்துக்கு எதிரே, ஆற்றின் அக்கரையில் இருப்பது கன்னொறுவை. முந்நூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு பெரும் போர்கள் ஒரே ஆற்றின் இரு கரைகளை நாடி வந்தது விந்தைதான். ஆனால் கன்னொறுவையில் பொருதவர்களின் சட்டை ஒன்றையாவது எந்த அலுமாரியிலும் நான் கண்டதில்லை.

ஹாஜியார் ஒரு வெள்ளைத் துணிப் பொதியை மடியில் வைத்து அவிழ்த்தார். கைகள் சிறிது நடுங்கின. உள்ளே வெளிறிய காக்கிச் சட்டை. நான்கு பைகள். இடுப்புப் பக்கத்தில் சேற்று நீர் நின்ற கோடு, கடற்கரை மணலில் அலை விட்டுச் சென்ற கோட்டைப் போல.

"காக்கி எண்டா பாரசீகத்தில மண்தூசி எண்டு அர்த்தம் மாஸ்டர். வாப்பாதான் சொல்லித் தந்தாங்க. தூசியில இருந்து தூசிக்கு" என்றார் அவர். அவர் சொன்னது உண்மையே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் பணிபுரிந்த படையினர் முதலில் உடுத்த நிறம் அது. எதிரியின் கண்ணுக்கு மண்ணோடு மண்ணாகத் தெரிவதற்காகச் சிவப்புச் சட்டையைக் கைவிட்டார்கள்.

முன்னர் இந்தச் சட்டையோடு சம்பளப் புத்தகமும் இருந்ததாம். சிப்பாய் ஒவ்வொருவனும் தன்னுடன் வைத்திருக்கும் சிறு நூல் அது. சேர்ந்த திகதி, பயிற்சி, ஊசி போட்டது, அடுத்த உறவினர் யார் என்பன எல்லாம் அதில் இருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் ஓயா பெருகி வீட்டுக்குள் வந்தபோது, கட்டிலின் கீழ் இருந்த தகரப் பெட்டி இரண்டு நாள் நீரில் கிடந்தது. சட்டை பிழைத்தது. புத்தகம் கூழாகிவிட்டது. 2025 நவம்பரில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தை உலுக்கியபோது பெட்டி மேல்மாடியில் இருந்தது. ஆனால் காப்பாற்ற வேண்டிய எழுத்து அதற்கு முன்பே போய்விட்டது.

நான் படையியல் வல்லுநன் அல்லேன். ஆயினும் போர்க் காலத்துப் பொருள்களைப் பற்றிச் சில நூல்களைப் படித்திருந்தபடியால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. கழுத்துப் பட்டியின் உட்புறத்தில் மை கொண்டு எழுதிய எண்கள் மங்கலாகத் தெரிந்தன. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பேத்தியின் கைபேசி விளக்கின் உதவியுடன் ஒவ்வோர் இலக்கமாக வாசித்தோம். இறுதி இலக்கம் மட்டும் மூன்றா எட்டா என்று பிடிபடவில்லை.

அப்போது ஹாஜியார் ஞாபகம் வந்தவராய் உள்ளே போய் ஒரு பொட்டலம் கொணர்ந்தார். அதனுள் சிவந்த வட்ட வில்லை ஒன்று. பிரித்தானியப் படையில் அக்காலச் சிப்பாய்கள் கழுத்தில் இரண்டு வில்லைகளைக் கட்டியிருந்தனர். எண்கோணமான பச்சை வில்லையும், வட்டமான சிவப்பு வில்லையும். போரில் மாண்டால் பச்சை உடலோடு அடக்கமாகும். சிவப்பைக் கழற்றிக் கணக்குக்குக் கொண்டு போவார்கள். அழுத்திச் செய்த நார்ப் பொருளாதலால் வெள்ளத்தையும் அது தாங்கியது. அதில் குத்திய எண்ணின் கடைசி இலக்கம் எட்டு. மற்றவை கழுத்துப் பட்டியில் உள்ளவற்றோடு ஒன்றொன்றாகப் பொருந்தின. அவருடைய தகப்பனாரின் பெயர் முதலெழுத்துக்களும் இருந்தன. சட்டை அவருடையதே. ஹாஜியாரின் முகம் மலர்ந்தது. அந்த இடத்திலேயே நான் எழுந்து வந்திருந்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சியாக இருந்திருக்கும்.

ஆனால் சட்டையை உட்புறம் திருப்பினேன். பையின் அடித்துணியில், அரசாங்கப் பொருளுக்கு இடும் அம்புக்குறிக்குப் பக்கத்தில், மங்கிய முத்திரை ஒன்று இருந்தது. அளவைக் குறிக்கும் எண். கீழே ஆண்டு. 1943.

கொழும்பின்மேல் யப்பானியர் குண்டு வீசியது 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறு. திருகோணமலையில் வீசியது ஏப்ரல் 9. ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் ஆழ்த்தியதும் அன்றே. 1943இல் தைத்த சட்டை அந்த நாளைப் பார்த்திருக்க முடியாது.

அதை எப்படிச் சொல்வது? கரும்பலகையில் மாணவன் விட்ட பிழையைத் திருத்துவது எளிது. எழுபது ஆண்டு உம்மா சொன்ன கதையைத் திருத்துவது அவ்வளவு எளிதன்று. தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசாதிருந்தேன். பிறகு முத்திரையைக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப, வாப்பா அங்க இருக்கேல்லையா மாஸ்டர்?"

"அப்படிச் சொல்ல முடியாது ஹாஜியார். வாப்பா அங்கே இருந்திருக்கலாம். இந்தச் சட்டை இருக்கவில்லை. சிப்பாய்க்கு ஒரு சட்டை கிழிந்தால் இன்னொன்று கொடுப்பார்கள். வாப்பாவைப் பற்றி இந்தச் சட்டை பொய் சொல்லவில்லை. அந்த நாளைப் பற்றிச் சாட்சி சொல்ல அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மேலும் ஒரு சிக்கல் இருந்தது. சட்டையின் பித்தளைப் பொத்தான்களில் மேலிருந்து இரண்டு மற்றவற்றோடு ஒத்திருக்கவில்லை. பொத்தானில் பொறித்த முடியின் வடிவத்தைக் கொண்டு காலத்தைக் கணிக்கலாம் என்பது சேகரிப்போருக்கு அரிச்சுவடி. ஆறாம் ஜோர்ஜ் மன்னர் காலத்து முடியின் வளைவு உச்சியில் உருண்டு நிற்கும். 1952இல் எலிசபெத் அரசி பட்டத்துக்கு வந்த பின்னர் ஏற்பட்ட முடியில் வளைவு நடுவிலே பள்ளமாகும். நான்கு பொத்தான்கள் அரசருடையவை. இரண்டு அரசியுடையவை. தைத்த நூலும் வேறு நிறம். கொழும்பிலிருந்து வந்தவரும் இதைக் கண்டிருக்கிறார். "பிழையான பொத்தான் இரண்டையும் கழற்றிவிடுங்கள். சரியானதை நான் கொண்டு வருகிறேன்" என்றாராம்.

இவ்வளவு நேரமும் கதவோரத்தில் முக்காடிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த மூதாட்டி அப்போது வாய் திறந்தார். ஹாஜியாரின் ராத்தா. எண்பதை நெருங்கியவர்.

"அத நான்தான் தச்சேன். நானாட ஸ்கூல் நாடகத்துக்கு. நானாக்குப் பட்டாளக்காரன் வேஷம். ரெண்டு பொத்தான் உழுந்து கிடந்திச்சி. பக்கத்து வீட்டு ஆமிக்காரர் ரெண்டு தந்தார். வாப்பா பாத்துச் சிரிச்சாங்க. எனக்குப் பன்னெண்டு வயசு."

மூத்த சகோதரர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் அந்தச் சட்டையில் மேடையேறியதை ஹாஜியாரே மறந்திருந்தார். ராத்தா அருகில் வந்து அந்த இரண்டு பொத்தான்களையும் விரலால் தடவிப் பார்த்தார். நூல் சிறிது தளர்ந்திருந்தது. "இறுக்கித் தைக்கவா?" என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன்.

பழஞ்சீருடையைப் பேணுவது பற்றி இங்கே சில வார்த்தை சொல்வது வாசகருள் எவருக்கேனும் உதவலாம். வீட்டிலே தாத்தாவின் உடுப்பு இருந்தால் முதலில் செய்யத் தோன்றுவது துவைப்பது. அதைச் செய்யலாகாது. மையெழுத்தும் முத்திரையும் சோப்பு நீரோடு போய்விடும். பித்தளையைப் பளபளப்பாக்கும் பூச்சு சுற்றியுள்ள துணியில் கறையாகப் படியும். கம்பிக் கொளுவியில் தொங்கவிட்டால் தோள் கிழியும். பிளாஸ்டிக் பையிலே கட்டினால் நமது மலைநாட்டு ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும். கழுவி உலர்த்திய வெள்ளைப் பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, விரித்தபடி வைத்து, ஆண்டுக்கு இரு முறை நிழலிலே காற்றாட விட்டாற் போதும். எல்லாவற்றினும் மேலாக, தெரிந்தவர் உயிரோடிருக்கும்போதே தெரிந்ததை எழுதிவைக்க வேண்டும். சிலர் பழைய உடுப்பை அணிந்து படம் எடுக்கவும் ஆசைப்படுவர். படைவீரன் என்று பிறர் நம்பும்படி உடுத்துவது நம் நாட்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கண்டியில் தலதா மாளிகைக்கு அண்மையிலுள்ள பழைய பிரித்தானிய மயானத்தில் மக்ளாஷன் என்ற கப்பித்தானின் கல்லறை இருக்கிறது. வாட்டர்லூ போரில் நின்று பிழைத்தவர். திருகோணமலையிலிருந்து கண்டிக்கு நடந்தே வந்து, மழையிலும் ஆற்றிலும் நனைந்த உடையோடே உறங்கிக் காய்ச்சல் கண்டு 1817இல் இறந்தார் என்று அவர் கதை வழங்குகிறது. நெப்போலியனின் பீரங்கி செய்யாததை ஈரச் சட்டை செய்தது. மகாவலிக் கரையருகே உள்ள கண்டி யுத்த மயானத்திலோ இரண்டாவது மகாயுத்த காலத்தவர் ஏறத்தாழ இருநூறு பேர் உறங்குகிறார்கள். ஆங்கிலேயர், ஆபிரிக்கர், இந்தியர், நம் நாட்டவர் எல்லோருக்கும் ஒரே அளவான கல். அதில் படையெண், பதவி, பெயர், படைப்பிரிவு, திகதி ஆகியன காணப்படும். அங்கே சேவை வரலாறு இருக்கிறது, சட்டை இல்லை. அக்குறணையில் சட்டை இருக்கிறது, வரலாற்றில் பாதி ஓயாவோடு போய்விட்டது.

லுஹர் தொழுகைக்கு அழைப்பு எழுந்தது. ஹாஜியார் பள்ளிக்குப் போய்த் திரும்பும்வரை நான் விறாந்தையில் இருந்தேன். மூன்று மடங்கு தொகை என்பது அந்த வீட்டுக்குச் சிறிய விஷயமன்று. பேத்தி என்னைப் பார்க்காமல் சட்டையின் படத்தைக் கைபேசியில் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வரிதானே, எழுதிக் கொடுத்துவிட்டால் யாருக்கு நட்டம் என்று எனக்கே ஒரு கணம் தோன்றியதை ஒளிக்க விரும்பவில்லை.

அவர் வந்து தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, "எழுதுங்க மாஸ்டர், உள்ளத உள்ளபடி. தமிழிலயும் ஒண்டு எழுதுங்க, ராத்தா வாசிக்கோணும்" என்றார்.

எழுதினேன். படையெண், வில்லையோடு பொருந்தியது, 1943 முத்திரை, திருகோணமலையில் இருந்ததாகக் குடும்பத்தார் கூறுவது, அந்நாளில் அணிந்தது இச்சட்டை அன்று என்பது, வெள்ளத்தில் போன சம்பளப் புத்தகம், நீர்க்கறை, மேலிருந்து இரண்டு பொத்தான்கள், பள்ளிக்கூட நாடகம், தைத்தவர் மகள், அப்போது அவர் வயது பன்னிரண்டு. அரைப் பக்கந்தான் வந்தது. ஹாஜியார் கையொப்பமிட்டார். ராத்தா கண்ணாடியைத் தேடி எடுத்து முழுவதையும் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுத் தம் பெயரை மெல்ல எழுதினார்.

கொழும்பு ஆளுக்குக் கைபேசியில் சொன்னபோது, பொத்தான்களை மாற்றாவிட்டால் யோசித்துத்தான் சொல்லவேண்டும் என்று பதில் வந்தது. இதுவரை அவர் யோசித்து முடிக்கவில்லை என்று பேத்தி சொல்கிறாள்.

"வித்தா இந்தக் கடுதாசியும் சட்டையோடதான் போகோணும்" என்று கண்டிப்பாகச் சொல்லி, ராத்தா ஒரு பிரதியை மடித்து இடது மார்புப் பையில் வைத்தார். சிவப்பு வில்லையை மட்டும் கொடுக்கவில்லை. அதைப் பொட்டலத்தில் சுற்றி முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். ஹாஜியார் என்னைப் பஸ் நிற்குமிடம்வரை கொண்டுவந்து விட்டார். மழை தூறத் தொடங்கியிருந்தது. ஓயாவில் தண்ணீர் எவ்வளவு என்று பாலத்தருகே நின்று ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு அவர் வீட்டுக்குத் திரும்பினார்.